கடல் ஆமை தண்ணீரில் மூழ்கிச் சாகுமா?



2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கடற்கரையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடல் ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. மீன்பிடி வலையில் சிக்கி, மூச்சு முட்டி இறந்தவை அவற்றில் ஏராளம். இந்தச் செய்தியை வீட்டில் படித்துக் காட்டினேன். எங்க அம்மிச்சி உடனே, “ஏஞ்சாமி, கடல்லயே கெடக்கறது தண்ணீல முங்கிச் சாகுமாக்கும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நம்ம துடியலூரில் மலைதான் தெரியும், கடல் ஏது? அதனால் தேடிப் படித்தேன். படித்ததெல்லாம் ஆச்சரியம்!

மூச்சு மேலே!

ஆமைக்கு மீனைப் போலச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல்தான். சும்மா தூங்கும்போது மணிக்கணக்கில் தண்ணீருக்குள் இருக்கும். ஆனால் வலையில் மாட்டித் துடித்தால் உள்ளே இருக்கும் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். மேலே வர முடியாவிட்டால் மரணம்தான். ஆக, அம்மிச்சி கேள்விக்குப் பதில்: ஆமாம், சாகும்!

ஆணா, பெண்ணா? மணல் சொல்லும்!

நம் தமிழகக் கரைக்கு அதிகம் வருவது பங்குனி ஆமை. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்பார்கள். ராத்திரியில் கரையேறி, மணலில் குழி தோண்டி, சுமார் நூறு முட்டை இட்டு மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது! ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் பெண் அதிகம். குறைந்தால் ஆண் அதிகம்.

ஆஸ்திரேலியாவின் வடபகுதிப் பவளத்திட்டில் வளரும் பச்சை ஆமைகளை ஆராய்ந்து 2018-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அங்கே இளம் ஆமைகளில் 99 சதவீதம் பெண்! பூமி இன்னும் சூடானால் ஆண் ஆமைக்கு எங்கே போவது?

உடம்புக்குள்ளே திசைகாட்டி!

குஞ்சு ஆமைக்கு வழி சொல்லத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. அமெரிக்க விஞ்ஞானி கென்னத் லோமன் 1991-இல் ஒரு சோதனை வெளியிட்டார். தொட்டியில் நீந்திய குஞ்சுகளைச் சுற்றிக் கம்பிச் சுருள் வைத்து, காந்தப் புலத்தைத் திருப்பினார். குஞ்சுகளும் திசை மாறி நீந்தின! பூமியின் காந்தத்தை அவை உணர்கின்றன என்று அதில் தெரிந்தது. வளர்ந்த பெண் ஆமை தான் பிறந்த பகுதிக்கே முட்டையிட வருவதற்கும் இதுவே உதவுகிறது என்கிறார்கள்.

03233 செய்த பயணம்

2021-இல் ஒடிசாவின் கஹிர்மாதா கரையில் ஓர் ஆமையின் துடுப்பில் 03233 என்ற எண் பொறித்த உலோகப் பட்டையை மாட்டி விட்டார்கள். 2025 ஜனவரியில் அதே ஆமை மகாராஷ்டிராவின் குஹாகர் கரையில் முட்டையிட வந்தது! சுமார் 3,500 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு ரோட்டில் போகிற தூரம் கிட்டத்தட்ட அவ்வளவு! கிழக்குக் கரை ஆமை வேறு, மேற்குக் கரை ஆமை வேறு என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அந்த எண்ணத்தை இந்த ஒரே ஆமை அசைத்துவிட்டது.

நாம் என்ன செய்யலாம்?

இவ்வளவு தூரம் வழி தெரிந்து வரும் ஆமைக்கு இழுவலையிலிருந்து வெளியே வர மட்டும் வழி தெரிவதில்லை. அதற்கும் விஞ்ஞானம் வழி வைத்திருக்கிறது. வலையின் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டமும், அருகே ஒரு திறப்பும் வைப்பார்கள். இறால் கம்பி இடுக்கு வழியே உள்ளே போய்விடும். ஆமை சட்டத்தில் முட்டி வெளியேறிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனமும் இப்படி ஒன்றை வடிவமைத்திருக்கிறது. ஆனால் கொஞ்சம் மீனும் தப்பிவிடுமே என்பது மீனவர்களின் கவலை. அதுவும் நியாயந்தானே? அவர்கள் நஷ்டத்தையும் ஈடுகட்டினால்தான் ஆமை பிழைக்கும்.

சென்னையில் மாணவர்கள் 1988 முதல் ராத்திரியில் கடற்கரையில் நடந்து, ஆமை முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். “நமக்குத்தான் கடலே இல்லையே?” என்று கேட்காதீர்கள். நம் குருடி மலையில் பிறக்கும் கௌசிகா நதி நொய்யலில் சேருகிறது. நொய்யல் காவிரியில் சேருகிறது. காவிரி பூம்புகாரில் கடலில் சேருகிறது. இங்கே பள்ளத்தில் வீசும் பாலித்தீன் பை மழை வெள்ளத்தோடு அங்கேயும் போகலாம். அதை ஜெல்லி மீன் என்று நினைத்து ஆமை விழுங்கிவிடும்.

இதைச் சொன்னதும் அம்மிச்சி, “அப்ப நாளைக்கு மஞ்சப்பையே எடுத்துட்டுப் போறேன்” என்றார். நீங்க?

– 9-ஆம் வகுப்பு மாணவன்