நடுவர் இல்லாத மேசையில் ‘மிஸ்’

கேள்வி: நண்பர்களோடு ஸ்னூக்கர் ஆடும்போது ‘மிஸ்’ விதியால் அடிக்கடி தகராறு வருகிறது. தொழில்முறைப் போட்டியில் உள்ளபடியே அதைக் கடைப்பிடிக்க வேண்டுமா?
– வாசகர், காரைக்கால்

பதில்: ஸ்னூக்கருக்கு முதலில் விதிகள் எழுதி மாட்டப்பட்டது நம் ஊட்டி கிளப்பில்தான், 1880களில். எழுதியவர் நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான அதே பெயர்க்காரர் வேறு ஆள்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். நண்பர்களோடு ஆடும்போதும் ஃபவுலுக்கான புள்ளிகளில் சலுகை வேண்டாம். குறைந்தது 4, அதிகபட்சம் 7. நீலத்தை அடிக்க வேண்டியவர் முதலில் கறுப்பில் பட்டால் 7. மஞ்சளில் பட்டால் நீலத்துக்குரிய 5. சட்டைக் கை இளஞ்சிவப்புப் பந்தில் உரசினாலும் 6 போய்விடும். எதிராளி கவனிக்காவிட்டாலும் உரசியவரே சொல்லிவிட வேண்டும். தொழில்முறை வீரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

‘மிஸ்’ கதை வேறு. அடிக்க வேண்டிய பந்தைத் தொட, ஆடுபவர் தன் திறமைக்கு ஏற்ற முழு முயற்சி எடுக்கவில்லை என்று நடுவர் கருதினால்தான் அது மிஸ். எதிராளி கேட்டால் பந்துகளைப் பழைய இடத்தில் வைத்து மறுபடி ஆட வேண்டும். பந்து முழுசாகத் தெரிந்தும் தொடர்ந்து மூன்று முறை தவறினால் ஃபிரேமே பறிபோகும்.

தொலைக்காட்சிப் போட்டிகளில் பந்துகளைத் திரும்ப வைக்க கேமரா படம் உதவுகிறது. உங்கள் மேசையில் அது கிடையாது. இரண்டு குஷனில் மோதித் திரும்ப வேண்டிய அடியைப் புதியவர் தவறவிட்டால் மிஸ் கேட்பது நியாயமல்ல. நேராகத் தெரியும் சிவப்பை வேண்டுமென்றே மெதுவாகத் தள்ளி, எட்டாமல் நிறுத்தினால் தாராளமாகக் கேளுங்கள். எதைப் பின்பற்றுவது என்பதை முதல் அடிக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.