‘டவுட்’ யார் பக்கம்?

கேள்வி: போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் ஒரு கடையில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்க்கிறேன். லண்டனுக்குப் போன சரக்கில் எட்டு மில்லி காய்க்குப் பதிலாகப் பொடிக்காய் இருந்ததாக அங்கிருந்து புகார் வந்தது. “அவங்க குடோன்லதான் மூட்டை மாறிப்போச்சுன்னு சந்தேகமா இருக்கு, என்னன்னு கேட்டு எழுதும்மா” என்றார் முதலாளி. ‘வீ டவுட் தட் தி பேக்ஸ் வேர் மிக்ஸ்டு அப் இன் யுவர் கோடவுன். வீ டிமாண்ட் எ ரிப்ளை’ என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்துவிட்டது. தங்கள் கிடங்கில் எதுவும் மாறவில்லை என்று நாங்களே ஒப்புக்கொண்டதற்கு நன்றியாம். அதை ஏன் இவ்வளவு கோபமாகச் சொல்கிறோம் என்பதுதான் புரியவில்லையாம்! டவுட், சஸ்பெக்ட், வொண்டர் என்று எதைத் தேடினாலும் என் அகராதி ‘சந்தேகி’ என்கிறது. ஆஸ்க், என்கொயர், கொஸ்டின், டிமாண்ட் எல்லாவற்றுக்கும் ‘கேள்’. எதை எங்கே போடுவது ஐயா?
— வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை அம்மா. பொருள்தான் தலைகீழாகிவிட்டது. ‘டவுட் தட்’ என்று தொடங்கி ஒரு செய்தியைச் சொன்னால், அது நடந்திருக்காது என்று நினைக்கிறேன் என்று அர்த்தம். ‘சஸ்பெக்ட் தட்’ என்றால் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் ‘சந்தேகி’ என்று போட்ட அகராதிக்காரர் பக்கத்தை மிச்சம் பிடித்துவிட்டார். திட்டு வாங்கியது நீங்கள்.

உங்கள் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ‘தி டேம் இஸ் வீக்’ என்று ஒரு வாக்கியம். அணை என்றால் அங்கே முல்லைப் பெரியாறுதான். அதன் முன்னால் ‘ஐ சஸ்பெக்ட்’ என்று சேர்த்தால் கேரளத்தின் வாதம். ‘ஐ டவுட்’ என்று சேர்த்தால் கூடலூரிலும் சின்னமனூரிலும் நெல் நடுகிறவரின் வாதம். மற்ற சொல் எதுவும் மாறவில்லை, பேசுகிறவர் மாநிலம் மாறிவிட்டார்.

அணை வந்துவிட்டதால் ‘கொஸ்டின்’ என்ற சொல்லையும் அங்கேயே பார்த்துவிடலாம். தேக்கடியில் படகில் உட்கார்ந்துகொண்டு, இந்த அணை எப்போது கட்டியது என்று ஒரு சுற்றுலாப் பயணி தெரிந்துகொள்ள விரும்பினால் அது ‘ஆஸ்க்’. 1895 என்று சொல்லிவிட்டால் அவருடைய வேலை முடிந்தது. ஆனால் ஆங்கிலத்தில் ‘கேரளா கொஸ்டின்ட் தி சேஃப்டி ஆஃப் தி டேம்’ என்று எழுதினால், கேரளம் ஏதோ தகவல் கேட்டது என்று யாரும் படிக்கமாட்டார்கள். பாதுகாப்பு இருக்கிறது என்பதையே ஏற்கவில்லை என்று பொருள். அந்தத் தகராறில் 1979-ல் நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. 2010-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் குழு அமைத்ததே, அதன் வேலையை ‘இன்கொயரி’ எனலாம்: முறையாக ஆய்வு செய்து, அறிக்கையோடு முடிகிற விசாரணை. 2012-ல் அறிக்கை வந்தது. 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. இதில் எந்த இடத்திலும் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்க முடியாது.

இனி உங்கள் முதலாளி சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். அகராதியைவிட அவர் துல்லியமாகப் பேசியிருக்கிறார். தமிழில் ‘சந்தேகம்’ ஒரே சொல்தான். ஆனால் அதற்கு முன்னால் வருகிற ஒட்டு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். ‘மாறிப்போச்சுன்னு சந்தேகம்’ என்றால் மாறியிருக்கும் என்று மனசு சொல்கிறது, அது சஸ்பெக்ட். ‘மாறிப்போச்சான்னு சந்தேகம்’ என்றால் இரண்டு பக்கமும் சாயவில்லை. ‘வீ ஆர் நாட் ஷ்யூர் வெதர்’ என்று எழுத வேண்டும். ‘மாறிப்போச்சோன்னு’ என்று ஓகாரம் போட்டால் கொஞ்சம் கவலை, கொஞ்சம் பணிவு, யார் மேலும் பழி இல்லை, அதற்குத்தான் வொண்டர். ‘மாறியிருக்கும்ங்கிறது சந்தேகம்தான்’ என்று அவர் சொல்லியிருந்தால் மட்டும் உங்கள் டவுட் சரி. அவர் சொன்னது ‘ன்னு’. அடுத்த முறை அவர் பேசும்போது ‘சந்தேகம்’ என்ற சொல்லை விட்டுவிட்டு அதற்கு முந்தின எழுத்தைக் கவனியுங்கள். ஆங்கில வினைச்சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உங்களுக்கு ஒரு சின்ன ஆறுதலும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘டவுட்’ என்பதற்கு ‘அப்படித்தான் ஆகுமோ என்று அஞ்சுகிறேன்’ என்ற பொருளும் இருந்தது. ஸ்காட்லாந்துப் பேச்சில் இன்னும் அது சாகவில்லை. மழை வரும் என்று ஸ்காட்லாந்துக்காரர் ‘டவுட்’ செய்தால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவது நல்லது. உங்கள் கடிதம் எடின்பரோவில் ஒரு வயதானவர் கைக்குப் போயிருந்தால் ஒருவேளை சரியாகப் புரிந்துகொண்டிருப்பார். டெல்லி வியாபாரிக்கும் புரிந்திருக்கும். அவரும் நம்மைப் போலத்தான் எழுதுவார்.

லண்டனுக்கு இப்போது இப்படி எழுதுங்கள்: ‘வீ வொண்டர் வெதர் தி பேக்ஸ் குட் ஹேவ் பீன் மிக்ஸ்டு அப் ஆஃப்டர் டெலிவரி. குட் யூ ப்ளீஸ் செக் தி லாட் நம்பர்ஸ்?’ முதலாளி மனசில் இருப்பது சஸ்பெக்ட்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குக் குற்றவாளியைத் தேடுகிற வாடை உண்டு. அடுத்த வருஷமும் சரக்கு வாங்க வேண்டிய ஆளிடம் ஓகாரம் போதும்.

அடுத்தது ‘கேள்’. நன்னூல் வினாவை ஆறாகப் பிரித்திருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பரீட்சைக்காக உருப்போட்டு மறந்த பட்டியல்தான். ஆனால் கேட்கிறவர் எதற்காகக் கேட்கிறார் என்பதை வைத்துப் பிரித்தது, ஆங்கில வினைச்சொற்களுக்கும் உதவுகிறது. கடைக்கு வருகிறவர் ‘எட்டு மில்லி காய் இருக்கா?’ என்று கேட்டால் உங்கள் இருப்பு விவரம் அவருக்கு எதற்கு? காய் வேண்டும்; அது கொளல் வினா. அங்கே வெறும் ஆஸ்க் போதாது, ‘ஆஸ்க் ஃபார்’. ‘விலை கேட்டார்’ என்பதற்கு ‘ஆஸ்க்ட் தி பிரைஸ்’, ‘பணம் கேட்டார்’ என்பதற்கு ‘ஆஸ்க்ட் ஃபார் மணி’. முன்னதில் கேட்பது தகவல், பின்னதில் பொருள். அதைப் பணிவாகக் கேட்டால் ரெக்வெஸ்ட். பில்லில் ஒரு தொகை இடித்தால் அதைச் சுட்டி எழுதுவது க்வெரி.

டிமாண்ட் ஏவல் வினாவின் முரட்டு அண்ணன். தர மறுக்க உனக்கு உரிமை இல்லை என்கிற தொனி அதில் இருக்கிறது. அதனால்தான் வெறும் பதிலுக்கு நீங்கள் அதைப் போட்டதும் லண்டன்காரர் முகம் சுளித்தார். இதே சொல்லை விடக்கூடாத இடமும் உங்கள் தொழிலில் உண்டு. ஒருவர் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின்படி, வங்கி தகவல் சொன்ன 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பி அந்தப் பணத்தை டிமாண்ட் செய்ய வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்ததிலிருந்து கொடுக்க 15 நாள் அவகாசம். அந்த நோட்டீஸில் வந்து ‘வீ வொண்டர் இஃப் யூ குட் கைன்ட்லி’ என்று குழைந்தால் உங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொள்வார்.

என்கொயர் பற்றிச் சுருக்கமாக. பிரிட்டிஷ் வழக்கில் ‘எ’ போட்டு எழுதினால் சாதாரண விசாரிப்பு, ‘இ’ போட்டால் அதிகாரபூர்வ விசாரணை என்று பெரும்பாலும் ஒரு பாகுபாடு பார்ப்பார்கள். அமெரிக்கர்களுக்கு எல்லாமே ‘இ’. ‘அம்மாவை விசாரிச்சதாச் சொல்லுங்க’ என்பதை மட்டும் ‘ஐ என்கொயர்ட் யுவர் மதர்’ என்று எழுதிவிடாதீர்கள், பாவம், அந்த அம்மாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்ட மாதிரி இருக்கும். ‘ஆஸ்க்ட் ஆஃப்டர் யுவர் மதர்’ என்றால் நலம் விசாரித்ததாகும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் பகுதி விவசாயிகளுக்குப் பயன்படும். 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவுக்கு உள்ள சொல் ‘ரெக்வெஸ்ட்’. ‘18-ஆம் கால்வாயில் ஏன் தண்ணீர் திறக்கவில்லை?’ என்று எழுதினால் அது கொஸ்டின். அலுவலகத்தில் ஆவணமாக இருக்கிற தகவலைக் கொடுத்தால் போதும், புதிதாகக் கருத்தோ விளக்கமோ எழுதித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி மனுவைத் திருப்பிவிட முடியும். ‘இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை 18-ஆம் கால்வாயில் திறந்துவிடப்பட்ட தண்ணீரின் பதிவேட்டு நகல் வேண்டும்’ என்று கேட்டால் அது ரெக்வெஸ்ட். சாதாரணமாக 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். ஏன் என்பதை அந்த நகலைப் படித்து நாமே தெரிந்துகொள்ளலாம்.