ஆய்வகங்கள் ஒன்றுக்கொன்று சொல்ல வேண்டியவை: இளம் தடய அறிவியலருக்கு ஒரு கடிதம்



தடய அறிவியலில் நாடுகளுக்கிடையே நடக்கும் பகிர்வு மூன்று வகைப்படும்: தரவைப் பகிர்வது, செய்முறையைப் பகிர்வது, பிழையைப் பகிர்வது. முதல் இரண்டுக்கும் ஒப்பந்தங்களும் தரநிலைகளும் உண்டு. மூன்றாவது அரிதாகவே நடக்கிறது. ஆனால் துறையை அதிகம் திருத்தியது அதுதான்.

தரவுப் பகிர்வுக்கு முதல் நிபந்தனை, எல்லோரும் ஒன்றையே அளப்பது. ஒரு நாட்டில் எடுத்த டி.என்.ஏ. விவரத்தை மற்றொரு நாட்டின் தரவுத்தளத்தில் தேட வேண்டுமானால், இரண்டு ஆய்வகங்களும் மரபணுத் தொகுதியின் அதே இடங்களைச் சோதித்திருக்க வேண்டும். 2005இல் ஜெர்மனியின் ப்ரூம் நகரில் 7 ஐரோப்பிய நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை இத்தகைய தேடலுக்கு வழி திறந்தது. தரவுத்தளம் பெருகப் பெருக, சம்பந்தமில்லாத இருவரின் விவரங்கள் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பும் கூடும். அதனால் ஐரோப்பா 2009இல் தன் பொதுத் தொகுப்பை 7 இடங்களிலிருந்து 12 ஆக உயர்த்தியது; அமெரிக்கா 2017 முதல் 13ஐ 20 ஆக்கியது. சில இடங்களில் மட்டும் பொருந்தி வெளிநாட்டிலிருந்து வரும் தகவல், விசாரணைக்குத் தொடக்கமே தவிர முடிவு ஆகாது.

செய்முறைப் பகிர்வின் பயன் பேரிடரில் தெளிவாகத் தெரியும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தாய்லாந்தில் 5,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டவர். முகத்தையும் உடையையும் பார்த்து அடையாளம் சொன்ன முதல் நாட்களில் உடல்கள் மாறிப்போயின. பிறகு புக்கெட்டில் அமைந்த மையத்தில் பல நாட்டுக் குழுக்கள் இன்டர்போலின் ஒரே நடைமுறையில் வேலை செய்தன. காணாமல் போனவரைப் பற்றி உறவினர் தந்த விவரம் மஞ்சள் படிவத்தில். உடலில் கண்டது இளஞ்சிவப்புப் படிவத்தில். விரல்ரேகை, பல் அமைப்பு, டி.என்.ஏ. ஆகியவற்றில் ஒன்றாவது பொருந்தியாக வேண்டும். எந்த நாட்டுப் பல் மருத்துவர் எழுதிய குறிப்பானாலும் ஒரே படிவத்துக்கு வந்துவிட்டதால் ஒப்பிடுவது சாத்தியமானது.

இனி பிழை. 1993 முதல் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் ஏறத்தாழ 40 சம்பவ இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. 2007இல் ஜெர்மனியின் ஹைல்ப்ரான் நகரில் பெண் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட இடத்திலும் அதே விவரம் கிடைக்கவே, முகம் தெரியாத அந்தப் பெண்ணைப் பிடிக்க 3 லட்சம் யூரோ பரிசு அறிவிக்கப்பட்டது. குற்றங்களுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தக் குற்றங்களில் பிடிபட்டவர்கள் யாரும் அப்படி ஒருத்தியைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. 2009இல் பிரான்சில் எரிந்துபோன ஓர் ஆணின் அடையாளத்தை உறுதிசெய்ய, அவரது விண்ணப்பத் தாளிலிருந்த விரல்ரேகையிலிருந்து மாதிரி எடுத்தார்கள். அதிலும் அந்தப் பெண்ணே வந்தாள். வேறு பஞ்சுக்குச்சியால் மறுபடி எடுத்தபோது அவள் மறைந்துபோனாள். அந்த டி.என்.ஏ. பஞ்சுக்குச்சி தயாரிப்பில் வேலை செய்த ஒரு பெண்ணுடையது. குச்சிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டவைதான். ஆனால் கிருமி செத்தாலும் டி.என்.ஏ. அழிவதில்லை.

மூன்று நாடுகளின் தரவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தியது பிழையைக் காட்டிக்கொடுக்கவில்லை, வளர்த்தே விட்டது. ஒரே பொருளைப் பயன்படுத்தும் பத்து ஆய்வகங்கள் ஒத்துப்போவது பத்து சாட்சியங்கள் ஆகாது. இந்தக் கதை ஒளிவுமறைவின்றி வெளிவந்ததால், சேகரிப்புப் பொருள்களில் மனித டி.என்.ஏ. கலப்பைக் குறைப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 18385 என்ற தரநிலை 2016இல் பிறந்தது. ஒவ்வொரு தொகுதிக் குச்சியின் எண்ணையும் குறித்துவைப்பதும், ஒவ்வொரு சோதனையிலும் ஒன்றும் தொடாத வெற்று மாதிரியையும் சேர்த்துச் சோதிப்பதும், ஆய்வக ஊழியரின் விவரங்களோடு முடிவை ஒப்பிடுவதும் இளம் ஆய்வாளர் முதல் நாளிலிருந்தே பழக வேண்டியவை.

மற்றொரு பாடம் 2004 மார்ச் 11 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு. வெடிதூண்டிகள் இருந்த பிளாஸ்டிக் பையில் கிடைத்த ரேகையை ஸ்பெயின் அனுப்ப, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அது ஒரேகான் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்றது. ரேகை பொருந்தவில்லை என ஸ்பெயின் காவல்துறை ஏப்ரலிலேயே தெரிவித்தது. அதன் பிறகு எஃப்.பி.ஐ. தன் நிபுணரை மாட்ரிட்டுக்கு அனுப்பியது, தன் முடிவை விளக்கத்தான். மே 6இல் வழக்கறிஞர் கைதானார். ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று ஸ்பெயின் கண்டறிந்ததும் மே 20இல் விடுதலையானார்.

அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வர் 2006இல் வெளியிட்ட அறிக்கை இந்தப் பிழைக்கான காரணங்களை வரிசைப்படுத்தியது. இரு ரேகைகளும் வழக்கத்துக்கு மாறாக ஒத்திருந்தன. ஆனால் சந்தேகநபரின் தெளிவான ரேகையைப் பார்த்த பிறகு, மங்கலான ரேகையிலும் அதே புள்ளிகளை ‘காண’த் தொடங்கினார்கள். சரிபார்த்தவர்களுக்கு முதல் நிபுணரின் முடிவு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஆகவே மங்கலான ரேகையின் அடையாளங்களை, ஒப்பிடும் ரேகையைப் பார்க்கும் முன்பே எழுதிவிட வேண்டும். சரிபார்ப்பவருக்கு முதல் முடிவைச் சொல்லக் கூடாது. வெளிநாட்டு ஆய்வகம் மறுத்தால், விளக்கம் சொல்லப் போகும் முன் ஒப்பீட்டை முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும்.

இத்தகைய பாடங்கள் பரவ அமைப்புகள் உள்ளன. ஐரோப்பிய ஆய்வகங்களின் கூட்டமைப்பு 1995இல் தொடங்கியது. ஆசியாவுக்கும் அதுபோல ஒரு வலையமைப்பு உண்டு. இத்தகைய வட்டாரக் கூட்டமைப்புகளை இணைக்கும் சர்வதேசக் கூட்டணி, வசதி குறைந்த ஆய்வகங்களும் தொடங்கத்தக்க குறைந்தபட்சத் தேவைகளை ஆவணங்களாக வெளியிட்டிருக்கிறது. ஆய்வகத் தலைவர்களை இன்டர்போல் 3 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டி, ஒவ்வொரு துறையிலும் வந்த ஆய்வுகளின் தொகுப்பைத் தருகிறது. சோதனை ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலையின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் திறன் சோதனைகளில் பங்கேற்றாக வேண்டும்: விடை தெரிந்த மாதிரி வெளியிலிருந்து வரும், ஆய்வாளரின் முடிவு அதனோடு ஒப்பிடப்படும்.

அந்தச் சோதனையில் வரும் தவறான விடையை மேசை இழுப்பறைக்குள் பூட்டாமல், காரணத்தோடு எழுதி மேலாளரிடம் தருவதே இளம் ஆய்வாளர் இந்தப் பகிர்வுக்குச் செய்யக்கூடிய முதல் பங்களிப்பு. நீதிமன்றத்தில் ஒருவரின் சுதந்திரம் ஆய்வாளரின் அறிக்கையைப் பொறுத்திருக்கிறது. பிழை ஓர் ஆய்வகத்தோடு நின்றுவிட்டால் அடுத்த ஆய்வகம் அதையே மறுபடி செய்யும். எழுதிப் பகிர்ந்தால் நடைமுறை திருந்தும்.