கொல்லிமலைச் சாமையும் அன்பர்தம் கடமையும்

உணவும், மழையும், வேள்வியாக ஆற்றப்படும் கடமையும் ஒன்றையொன்று பற்றிச் சுழலும் சக்கரம் என்பது பகவத் கீதையின் மூன்றாம் அத்தியாயம் உணர்த்தும் பொருள். மனிதன் தன் பங்கினைக் கைவிடின் நேர்வதென்ன, மீண்டும் மேற்கொள்ளின் விளைவதென்ன என்பதற்கு நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை கண்கூடான பாடமாகும்.

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் ஊர்களைக் காணலாம். இம்மக்கள் பரம்பரையாகச் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றைச் சரிவு நிலங்களில் விளைவித்து உண்டு வந்தனர். இவற்றிற்குத் தேங்கிய நீர் வேண்டா, மழையே போதும். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி அந்நிலங்களில் பரவிற்று. அது தந்த ரொக்க வருவாய் ஒரு காரணம். சாமையை உரலிலிட்டு உமி நீக்கப் பெண்டிர் பட்ட பாடு மற்றொரு காரணம். உண்பார் குறையவே விதைப்பாரும் குறைந்தனர். பழைய விதைகளும் அருகின.

சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990களில் தொடங்கி, அவ்விதைகளைக் காக்கவும், உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களில் அமைக்கவும், விளைபொருளுக்குச் சந்தை தேடித் தரவும் முற்பட்டது. உரலின் உழைப்புக் குறைந்த இடங்களில் சாமை மீண்டும் அடுக்களை புகுந்தது.

இதற்கும் பூவுலகு வெப்பமுறுதற்கும் தொடர்பு யாதெனின், கூறுதும். நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில் காற்றுப் புகாமையால் மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது. எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில், அது கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்ட வல்லது. மேட்டு நிலத்துச் சாமைக்கு அச்சேறு இல்லை. மழை குன்றிய காலத்தும் அது ஓரளவு பலன் தரும். ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதும் இத்தகைய பயன்களைக் கருதியே.

நெல்லை இகழ்தல் இங்கு நோக்கமன்று. வாரத்தில் இரு வேளையேனும் சாமைச் சோறோ கேழ்வரகுக் களியோ இல்லத்தில் இடம்பெறலாம். திருவிழாவிற்கு வரும் அன்பர்கள் பிரசாதத்தை வேண்டுமளவே பெற்று, மிச்சமின்றி உண்ணல் வேண்டும். குப்பை மேட்டில் அழுகும் அன்னமும் அதே மீத்தேனைத் தருவதாகும். தனித்தனி வண்டிகளை விடுத்துப் பேருந்தில் ஒன்றாக வருதல் எரிபொருளை மிச்சப்படுத்தும். பெட்ரோலியத்தினின்று பிறக்கும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடையுள்ளது. துணிப்பையும் நீர்ச்செம்பும் உடன் கொணர்தல் நன்று.

ஒரு வீட்டார் உண்ணும் ஒரு படிச் சாமை உலகைக் குளிர்விக்குமோ எனச் சிலர் ஐயுறலாம். கொல்லிமலையில் சாமை அருகியது ஒரே நாளில் அன்று. ஒவ்வோர் அடுப்பாக அது நீங்கிற்று. திரும்புவதும் ஒவ்வோர் அடுப்பாகவே ஆகும். உண்பவர் உளராயின் விதைப்பவரும் உளராவர்.