மாடி வீட்டுக்குக் குடித்தனம்

தில்லியில் மொட்டை மாடியில் உள்ள சிறு வீட்டைப் ‘பர்சாத்தி’ என்பார்கள். கரோல் பாகில் ஒரு தமிழ் அம்மாவுக்கு அப்படி ஒரு வீடு இருந்தது. அவருடைய கணவர் காலமாகிவிட்டார். மாடி வாடகையில்தான் குடும்பம் நடந்தது.

ஒருநாள் குடியிருந்தவர் காலி செய்தார். “மின்விசிறி நான் வாங்கியது” என்று கழற்றினார்.

“இல்லை தம்பி, அது எங்களுடையது” என்றார் அம்மா.

எது உண்மை? காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. விசிறி போனது. பேச்சும் நின்றது.

அடுத்த குடித்தனம் வருமுன் அம்மா நான்கு வேலைகள் செய்தார்.

1. வீட்டைச் சீராக்கினார்

தில்லியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். தளத்தில் விரிசல் இருந்தால் சுவரில் ஓதம் ஏறும். எனவே முதலில் விரிசலை அடைத்தார். சுவர் காய்ந்த பிறகு வெள்ளை அடித்தார். மின்சார வேலை தெரிந்தவரை அழைத்து ஒயரிங்கையும் எர்த்தையும் சோதித்தார். கோடையில் கூலர் ஓடும். அதில் தண்ணீரும் மின்சாரமும் அருகருகே இருக்கின்றன. எர்த் சரியில்லை என்றால் உயிருக்கு ஆபத்து. தண்ணீர்த் தொட்டியைக் கழுவி மூடினார். திறந்த தொட்டியில் டெங்குக் கொசு முட்டையிடும்.

2. பட்டியல் எழுதினார்

விசிறி 2, விளக்கு 4, குழாய் 3, சாவி 2. மின் மீட்டரில் அன்று இருந்த எண்ணையும் குறித்தார். இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒரு படி வைத்துக்கொள்ள வேண்டும்.

3. ஒப்பந்தத்தைப் படித்தார்

புதிதாக ஓர் இளம் தம்பதி வந்தார்கள். “வழக்கமான தாள்தான், கையெழுத்துப் போடுங்கள்” என்றார் தரகர்.

“வரி வரியாக வாசியுங்கள், கேட்கிறேன்” என்றார் அம்மா.

முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்ற வரியே அதில் இல்லை. அதை எழுதச் சொன்னார்.

“அது எங்களுக்குத்தானே லாபம், அம்மா?” என்றார் வந்தவர்.

“எழுதிவிட்டால் இருவருக்கும் சண்டை இல்லை, தம்பி.”

ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். இது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதனால்தான் பலர் 11 மாதத்துக்கு எழுதுகிறார்கள். தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1958இல் வந்தது. மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் உள்ள வீடுகளுக்கு அது பொருந்தாது என்று 1988இல் திருத்தினார்கள். அத்தகைய வீடுகளுக்கு ஒப்பந்தத்தில் எழுதிய சொல்தான் பெரிய பாதுகாப்பு.

4. காவல் நிலையத்தில் தெரிவித்தார்

குடிவருபவரின் விவரத்தைத் தில்லிக் காவல்துறையின் படிவத்தில் நிரப்பிக் கொடுத்தார். இணையத்திலும் கொடுக்கலாம்.

இப்போது மாதாமாதம் வாடகை வாங்கியதும் அம்மா தம் கையால் ரசீது எழுதித் தருகிறார்.

பயிற்சி

1. வெள்ளை அடிக்குமுன் விரிசலை ஏன் அடைக்க வேண்டும்?
2. விசிறிச் சண்டையை எந்தத் தாள் தடுத்திருக்கும்?
3. உங்கள் வீட்டில் உள்ள பொருள்களுக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள்.
4. நீங்கள் குடியிருப்பவர் என்றால் ஒப்பந்தத்தில் எந்த வரியை முதலில் தேடுவீர்கள்?