பசுமைத் திட்டமும் நம் ஆய்வுக்கூடமும்

தமிழக அரசு 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. காடு, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 ஆக உயர்த்துவது குறிக்கோள். மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கமும் உண்டு. ஆனால் கன்று நிற்கப்போவது மழைமறைவான நம் திண்டுக்கல் சமவெளியில். தோல் பதனிடும் கழிவால் கிணறுகள் உப்பேறிய ஊர்களும் இங்கு உள. அங்கே எம்மரம் பிழைக்கும்? 2022-இல் தேவாங்குச் சரணாலயமான கடவூர், அய்யலூர்க் காடுகளுக்கு நீரூற்றியவர் யாருமிலர். அம்மரங்களையே முதலில் பார்க்கலாம். நடுவிழாவன்று புகைப்படம் எடுப்பார் பலர். மூன்று கோடை கழித்து எத்தனை கன்று நிற்கிறதென எண்ணுவது தாவரவியல் மாணவர் வேலை. கிணற்றுநீரின் குளோரைடை வெள்ளி நைட்ரேட்டால் அளப்பது நாம் படிக்கும் பாடந்தான். அக்கணக்கை ஆண்டுதோறும் ஆட்சியரிடம் கொடுக்கலாமே!