அழிரப்பரில் ஒரு நட்சத்திரம்

தோழியரே, மார்கழி மாதத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து காலைப் பேருந்தில் பள்ளிக்கு வந்திருக்கிறீர்களா? வந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். எங்கள் வீதிகளில் வாசலுக்கு வாசல் கோலம், கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையாரில் செருகிய பூசணிப் பூ. பேருந்து காவிரிப் பாலத்தில் ஏறியதும் பனியில் மலைக்கோட்டை மங்கலாகத் தெரியும். திருச்சிப் பக்கம் இறங்கிவிட்டால் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் ஆடும். 2023ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறந்தது டிசம்பர் 23ஆம் தேதி. கிறிஸ்துமஸுக்கு இரண்டே நாள். அந்த வாரம் பேருந்தில் ஒற்றைக் காலில் நின்று வந்தேன் என்பது வேறு கதை.

சென்ற டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் வகுப்புக்கு ஒரு வேலை வந்தது. முதியோர் இல்லம் ஒன்றில் இருக்கும் பாட்டிமார்களுக்காக 60 கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் செய்ய வேண்டும்.

“பாட்டிகளுக்குக் கொடுக்கவா, சிஸ்டர்?” என்று கேட்டோம்.

“இல்லை, அவர்கள் அனுப்புவதற்கு. அங்கே போகிற எல்லாரும் அவர்களுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வருகிறோம். அவர்களும் யாருக்காவது வாழ்த்து அனுப்ப நினைப்பார்கள் என்று நமக்குத் தோன்றவே இல்லை” என்றார்கள் சிஸ்டர்.

வகுப்பு நிதியில் இருந்த பணம் சார்ட் அட்டைக்கும் உறைகளுக்கும்தான் போதும். ஒவ்வொன்றாகக் கையால் வரையலாம் என்றால், எங்கள் வகுப்பில் நன்றாக வரைகிறவர்கள் மூன்று பேர். அந்த மூவரில் நான் இல்லை. எனக்குக் கோலம் வரும், ஆட்டுக்குட்டி வராது. நான் ஆட்டுக்குட்டி வரைந்தால் அது குரைக்கும் என்று என் தோழி சொல்வாள். ஆகவே அச்சுக் குத்துவது என்று முடிவாயிற்று.

கிறிஸ்துமஸ் அட்டை பிறந்ததும் இப்படி ஒரு நெருக்கடியில்தான். லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்குப் பண்டிகைக் கடிதங்கள் குவிந்தன; எல்லாவற்றுக்கும் பதில் எழுத நேரமில்லை. எனவே 1843இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவிய நண்பரிடம் ஒரு படம் வரையச் சொல்லி, ஏறக்குறைய 1000 பிரதிகள் கல்லச்சில் அடித்து, கையால் வண்ணம் தீட்டச் செய்தார். மிஞ்சியவை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்பனைக்கு வந்தன. ஒரு பென்னியில் கடிதம் அனுப்பும் வசதி அந்நாட்டில் 1840இல்தான் வந்திருந்தது. அந்த அட்டையில் ஒரு குடும்பம் மது அருந்துகிறது, சிறு குழந்தை உட்பட! மதுவிலக்குக்காரர்கள் கண்டித்தார்களாம். இதைப் படித்துக் காட்டியபோது, “சரியான கண்டனம்” என்றார்கள் சிஸ்டர்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு ஓர் அட்டை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவில் ஜித்கா சம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி, யுனிசெஃப் தன் ஊருக்குச் செய்த உதவிக்கு நன்றியாக ஒரு படம் வரைந்தாள். காகிதம் கிடைக்காததால் கண்ணாடித் துண்டின்மேல் வரைந்தாளாம். 1949இல் அதுவே யுனிசெஃப்பின் முதல் வாழ்த்து அட்டை ஆயிற்று. காகிதம் இல்லாதவளே செய்திருக்கும்போது, சார்ட் அட்டை இருக்கும் எங்களுக்கு என்ன?

இனி ரப்பர். மரத்துப் பாலிலிருந்து வரும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துவிடும். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதிப்படும் என்று 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த பிறகுதான் ரப்பர் முத்திரை என்ற ஒன்றே வர முடிந்தது. அக்காலத்து முத்திரைக் கடைகளில் ஈய எழுத்துகளைக் கோத்து, அவற்றைப் பிளாஸ்டர் பசையில் பதித்து, அந்தப் பள்ளத்தில் ரப்பரை வைத்துச் சூட்டில் அழுத்துவார்கள். ஈயத்தில் எழுத்து திரும்பி இருக்கும், பிளாஸ்டரில் நேராகும், ரப்பரில் மீண்டும் திரும்பும், தாளில் மீண்டும் நேராகும். இப்போது பல கடைகளில் லேசர் கதிரே வெட்டிவிடுகிறது. நாங்கள் கடைக்குப் போகவில்லை. பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரில் பெரியதாகப் பார்த்து எட்டு வாங்கினோம்.

செய்முறை கடினமன்று. பட்டர் பேப்பரில் 2பி பென்சிலால் படத்தை அழுத்தமாக வரையுங்கள். தாளைக் குப்புறக் கவிழ்த்து ரப்பரின்மேல் வைத்து, கரண்டியின் முதுகால் தேயுங்கள். பென்சில் கரி ரப்பரில் இறங்கி, படம் தானாகவே திரும்பிப் பதிந்துவிடும். மூளையைக் கசக்க வேண்டியதே இல்லை. பிறகு லினோ கட்டரால் கோட்டுக்கு வெளியே இருப்பதைச் சீவி எடுங்கள். எங்களிடம் ஒரே ஒரு கட்டர்தான் இருந்தது. மற்றவர்கள் காம்பஸ் முனையால் சுரண்டினார்கள். அரைப் பிளேடு வேண்டாம். என் இடது ஆள்காட்டி விரலில் இன்னும் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. ரப்பரைப் பிடித்திருக்கும் கையை நோக்கி ஒருபோதும் வெட்டாதீர்கள். கோட்டின் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டாமல் சற்றுச் சரிவாக வெட்டுங்கள். அடிப்பாகம் அகலமாக இருந்தால்தான் அழுத்தும்போது கோடு மடங்காது.

முத்திரை மையை வழவழப்பான தாளில் வைத்தால் காயாமல் இழுகும். சொரசொரப்பான சார்ட் அட்டைதான் நல்லது. விருப்பமான நிறம் வேண்டுமென்றால் பழைய சோப்பு டப்பாவில் ஸ்பாஞ்சு வைத்து, அதன்மேல் போஸ்டர் வண்ணத்தைக் கெட்டியாகத் தடவினால் போதும். ரப்பரை அதில் தட்ட வேண்டும், அமுக்கக் கூடாது. ஏ4 அளவுத் தாளை இரண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் மடித்தால், ஏறக்குறைய அஞ்சலட்டை அளவில் இரண்டு அட்டைகள் கிடைக்கும். 60 அட்டைக்கு 30 தாள்.

படத்துக்கு நான் வீட்டில் பாட்டியிடம் போனேன். ஆறு முனை நட்சத்திரம் வேண்டும் என்றதும், இடுக்குப் புள்ளி வைத்து இரண்டு நிமிடத்தில் தரையில் போட்டுக் காட்டினார். அதை ரப்பருக்கு மாற்றியபோதுதான் ஒன்று புரிந்தது. கோலத்தில் கோட்டை இடுகிறோம். அச்சில் கோட்டைவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுக்கிறோம். மெல்லிய கோலக் கோட்டை மேடாக விட்டுச் சுற்றிலும் சீவுவது என்னால் முடியவில்லை. மூன்று இடத்தில் கோடு பிய்ந்தது. ஒரு ரப்பர் வீண். பாட்டி பார்த்துவிட்டு, “ஏண்டி, கோட்டையே தோண்டிவிட்டால் என்ன?” என்றார். தோண்டினேன். செம்பழுப்பு வண்ணத்தில் தோய்த்து வைத்தேன். சுற்றிலும் வண்ணம், நடுவே வெள்ளைக் கோடு. செம்மண் பூசிய வாசலில் மாக்கோலம் போட்டதுபோல் அப்படியே இருந்தது! எங்கள் அட்டைகளில் எல்லாருக்கும் பிடித்தது அதுதான். நட்சத்திரத்துக்குக் கீழே மலைக்கோட்டையின் வடிவத்தை ஒருத்தி வெட்டிச் சேர்த்தாள். பெத்லகேமில் இப்படிப் பாறை உண்டா என்று கேட்காதீர்கள். இடையர்கள் ஏதோ ஒரு குன்றில்தானே இருந்திருப்பார்கள்?

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும். “பிறப்பு வாழ்த்து” என்ற சொற்களைத் தோழி ஒரு ரப்பரில் வெட்டினாள். “இயேசு” என் பங்கு. மூன்று எழுத்துக்கு எதற்குப் பட்டர் பேப்பர் என்று நேராக ரப்பரிலேயே எழுதினேன். ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலக் கவனமாகத் திருப்பி எழுதினேன். வரிசையைத் திருப்ப மறந்துவிட்டேன். மாலை மணி அடிக்கும் நேரம். தோழி அட்டைகளை நீட்ட நீட்ட நான் குத்திக்கொண்டே போனேன். தனித்தனியே எழுத்துகள் சரியாக இருந்ததால் கண்ணில் உறுத்தவே இல்லை. 12 அட்டைகள் முடிந்த பிறகு அவள்தான் வாசித்தாள்: சு, ய, அப்புறம் ஒரு கொம்பு, கடைசியில் இ. ‘ய’வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு ‘இ’யின் வாசலில் போய் நின்றிருந்தது!

எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரிய அந்தக் கொம்பைச் சுழித்துக் கொடுத்தவர் வீரமாமுனிவர் என்று தமிழ்ப் பாடத்தில் படித்தோமே, நினைவிருக்கிறதா? கொள்ளிடத்துக்கு வடகரையில் இருக்கும் ஏலாக்குறிச்சியில் தங்கித் தொண்டு செய்தவர். அவர் கொம்பை நான் இப்படி அலையவிட்டேன்.

அன்றிரவு எனக்கு ஒரு யோசனை. மூன்று எழுத்துக்கே இந்தப் பாடு என்றால், முதன்முதலில் தமிழை அச்சுக்கு வெட்டியவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்? 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்ட முதல் நூல் அது, 16 பக்கம். அதைத் தமிழில் தந்தவர் அண்ட்ரிக் அடிகளார். அதற்கான எழுத்துகளில் ஒரு பகுதி கோவாவிலும் ஒரு பகுதி கொல்லத்திலும் செய்யப்பட்டன. தமிழ் தாய்மொழியாக இல்லாதவர்கள், ஓலையில் மட்டுமே பார்த்த எழுத்தை, திருப்பி, உலோகத்தில், ஒன்றோடொன்று உயரம் ஒத்துப்போகும்படி செய்திருக்கிறார்கள். நான் மறுநாள் பட்டர் பேப்பருடன் உட்கார்ந்து, புது ரப்பரில் “இயேசு”வை மறுபடி வெட்டினேன். 20 நிமிடத்தில் முடிந்தது.

அலங்காரங்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் ஐந்து அறைகள் இருக்கும். வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கி, வண்ணத்தில் தொட்டு வைத்தால் ஐந்து முனை நட்சத்திரம்! சில காய்களில் ஆறும் ஏழும் வரும். அவையும் வானத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். வாழைமட்டையின் குறுக்குவெட்டு, கட்டம் கட்டமாகப் பிறைபோல் விழும். குடிலின் கூரைக்கு அது அழகு. பழைய வெள்ளை வேட்டியில் துணி வண்ணத்தால் வெண்டைக்காய் நட்சத்திரம் குத்திக் குடிலுக்குப் பின்திரையாகக் கட்டினோம். பட்டர் பேப்பரில் குத்தி நட்சத்திர விளக்குக்கு ஒட்டினால், உள்ளே விளக்கு எரியும்போது பூக்கள் நிழலாகத் தெரியும். சூடேறாத எல்இடி விளக்காக இருக்கட்டும். “நான் வெண்டைக்காய் வாங்கியது குழம்புக்கா, கிறிஸ்துமஸுக்கா?” என்று பாட்டி இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

டிசம்பர் மூன்றாவது வாரத்தில் இல்லத்துக்குப் போனோம். அட்டைகளைப் பெரிய மேசையில் பரப்பினோம். பாட்டிமார்கள் ஒவ்வொருவராக வந்து தேர்ந்தெடுத்து, யாருக்கு, என்ன எழுத வேண்டும் என்று சொன்னார்கள், நாங்கள் எழுதினோம். ஒரு பாட்டி தங்கைக்கு எழுதச் சொல்லிவிட்டு, தங்கை இறந்து நாலு வருடமாயிற்று என்று தாமே நினைவு வந்து, “சரி, அவ மகளுக்குப் போடு” என்றார்.

என் முன்னால் உட்கார்ந்த பாட்டி வெகுநேரம் பார்த்து ஓர் அட்டையை எடுத்தார். “இதிலதான் நட்சத்திரம் பளிச்சுனு இருக்கு தாயி. மகனுக்குப் போடு.”

பார்த்தேன். எனக்குப் பகீரென்றது. கெட்டுப்போன 12 அட்டைகளும் அதே பையில் இருந்திருக்கின்றன. ஒன்று எப்படியோ நல்லவற்றோடு கலந்துவிட்டது.

“பாட்டி, அதில் எழுத்து வரிசை மாறிப் போய்விட்டது. நான் செய்த தப்பு. வேறு தருகிறேன்” என்றேன்.

“எனக்கு எழுத்துத் தெரியாது தாயி.” சிறிது யோசித்தார். “ஆனா அவன் படிச்சவன். அவனுக்குத் தெரிஞ்சுபோயிடும். வேற குடு. நட்சத்திரம் மட்டும் இதே மாதிரி இருக்கணும்.”

மற்ற அட்டைகளில் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. நல்ல வேளையாக ரப்பரும் சோப்பு டப்பாவும் பையில் இருந்தன. மேசை ஓரத்திலேயே புதிதாகக் குத்தினேன். முதல் நட்சத்திரம் ஒரு பக்கம் மங்கல், தலையை ஆட்டினார். இரண்டாவதை ஏற்றுக்கொண்டார். உள்ளே அவர் சொன்ன மூன்று வரிகளை எழுதிவிட்டு, “கையெழுத்துப் போடுகிறீர்களா, பாட்டி?” என்று கேட்டேன்.

“கைநாட்டுதான்” என்றார். வண்ணத்தில் கட்டைவிரலைத் தொட்டு, வாழ்த்துக்குக் கீழே மெதுவாக உருட்டி எடுத்தார். எங்களுக்கு யாரும் சொல்லித் தராத அந்தப் பதம் அவருக்குத் தெரிந்திருந்தது; ரேகை ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது. “பணம் வாங்க எத்தனையோ தடவ வச்சிருக்கேன். வாழ்த்துக்கு வைக்கிறது இதான் முதல்” என்று சிரித்தார். பிறகு தாமாகவே ஆள்காட்டி விரலை வைத்து, “இது மருமகளுக்கு” என்றார். சுண்டுவிரலை வைத்து, “இது பேரனுக்கு.”

வரையத் தெரிந்த என் தோழி கேட்டாள்: “பாட்டி, இதுகளுக்குக் கால் போடட்டுமா?” மூன்று ரேகைகளுக்கும் கால், காது, வால் போட்டாள். மூன்று ஆடுகள், பெரியது முன்னாலும் சின்னது பின்னாலுமாக, மலைக்கோட்டையை நோக்கிப் போயின. அதன்பின் மற்றப் பாட்டிகளும் எழுதத் தெரிந்தவர்கள்கூடக் கையெழுத்து வேண்டாம், ஆடுதான் வேண்டும் என்று விரலை நீட்டினார்கள். வண்ணம் தீர்ந்து, மை டப்பாவைத் திறக்க வேண்டியதாயிற்று.

முகவரிகளைச் சிஸ்டர்கள் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்கள். 57 அட்டைகள் அன்று மாலையே தபால் பெட்டிக்குப் போயின.

கெட்டுப்போன அட்டைகளில் 11 என் மேசை அறையில் கிடக்கின்றன. பன்னிரண்டாவதை அந்தப் பாட்டி திருப்பித் தரவில்லை. “அது எனக்கு இருக்கட்டும், எழுத்தா முக்கியம்?” என்று சொல்லி, கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒட்டித் தரச் சொன்னார். ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.